அரைப் பேரும் அரை மணித்தியாலமும்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். “கணக்கப்பிள்ளை ஐயா, இன்னைக்கு எனக்குப் பேரு இருக்குங்களா?” என்று கொழுந்தெடுக்கும் ஓர் அம்மா கேட்டால், தன் பெயரை அவர் விசாரிக்கவில்லை. நிர்ணயித்த கிலோவை எடுத்துவிட்டோமா, இன்றைய நாள் கூலியாகக் கணக்கில் ஏறுமா என்று கேட்கிறார். கிலோ குறைந்தால் அரைப் பேர்.

இந்தக் கணக்கு ஏறும் புத்தகம் செக்ரோல். இடது ஓரத்தில் ஆட்களின் பெயர்கள், மேலே 1 முதல் 31 வரை திகதிகள், நடுவில் கட்டங்கள். காலை, பகல், அந்தி என்று மூன்று தடவை, நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் கொழுந்து நிறுக்கப்பட்டாலும், செக்ரோலில் அந்த நாளுக்கு ஒரே ஒரு கட்டம்தான். எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்பதற்கு அங்கே இடமில்லை, தேவையும் இல்லை. ‘ஒரு நாள்’ என்பதை மடுவத்தில் நின்ற ஒரு மனிதர் தன் கண்ணால் பார்த்து, தன் கையால் கட்டத்துக்குள் எழுதி முடித்துவிடுவார்.

இப்போது சில தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. ஒவ்வொரு நிறுவையும் தரவுத்தளத்தில் தனித்தனி வரிசையாகப் பதிகிறது: ஆளின் இலக்கம், கிலோ, அந்த விநாடி வரையிலான நேரம். செக்ரோலைவிட இது நுணுக்கமானது. ஆனால் ஒன்று காணாமல் போயிருக்கிறது. செக்ரோலில் இருந்த ‘நாள்’ இந்த அட்டவணையில் எங்கும் இல்லை. 9.42க்கு ஒரு நிறுவை, 12.35க்கு ஒன்று, 4.50க்கு ஒன்று என்று கணங்கள் மட்டும் கிடக்கின்றன. நாளையும் மாதத்தையும் நாம் எழுதும் வினவல்தான் மீண்டும் கட்டியெழுப்ப வேண்டும். கணக்கப்பிள்ளை யோசிக்காமலே செய்த வேலையை நாம் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது, அதில் பிழை விட்டால் யாரோ ஒருவருடைய பேர் போகும்.

மாதக் கணக்கிலிருந்து தொடங்குவோம். 2024 செப்டெம்பர் மாதம் ஓர் ஆள் எடுத்த மொத்தக் கொழுந்து எவ்வளவு? தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழியில் ‘இதற்கும் இதற்கும் இடையில்’ என்று கேட்க ‘பிட்வீன்’ என்றொரு சொல் உண்டு. புதிதாகக் கற்பவர் எல்லோரும் முதலில் இப்படித்தான் எழுதுவார்கள்: நிறுவை நேரம் ‘2024-09-01’க்கும் ‘2024-09-30’க்கும் இடையில். வாசிக்க எந்தக் குறையும் தெரியாது. முதலாம் திகதியும் சேரும், முப்பதாம் திகதியும் சேரும் என்றுதான் நாம் நினைக்கிறோம்.

தரவுத்தளம் அப்படி நினைப்பதில்லை. நேரமும் சேர்ந்த ஒரு நிரலோடு வெறும் திகதியை ஒப்பிடச் சொன்னால், அந்தத் திகதிக்கு நள்ளிரவு 00:00:00 என்று நேரம் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே எல்லை செப்டெம்பர் 30 பிறந்த கணத்திலேயே முடிந்துவிடுகிறது. அன்றைய காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை மூன்றும் வெளியே. அடுத்த மாதக் கணக்கு ஒக்டோபர் 1இல் தொடங்குவதால் அங்கும் அவை சேராது. கடைசி நாள் முழுவதும் எந்த மாதத்திலும் இல்லாமல் மறைந்துபோகும். அடுத்த மாதம் சம்பளச் சீட்டு கைக்கு வரும்போது, மலையில் மழையில் நனைந்து நின்ற ஒருவர் ஒரு பேர் குறைவதைப் பார்ப்பார். கணினி கணக்குப் போட்டது என்பதால் அவர் கேட்கவும் தயங்குவார்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் பலர் அவசரமாக ஒரு ஒட்டுப் போடுவார்கள். முடிவு எல்லையை ‘2024-09-30 23:59:59’ என்று மாற்றிவிடுவார்கள். விநாடியின் பின்னங்களையும் பதியும் நிரலில், அந்தக் கடைசி விநாடிக்குள் விழுந்தவை தப்பிப்போகும். சரி, 23:59:59.999 என்று போடலாமே என்றால், மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சேர்வரில் உள்ள பழைய ‘டேட்டைம்’ வகை ஒரு விநாடியின் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்குக்குக் கீழே பிரித்தறியாது. .999ஐ அது அடுத்த நாள் நள்ளிரவுக்கு உருட்டிவிடும். இப்போது ஒக்டோபர் 1ஆம் திகதி நள்ளிரவில் சரியாகப் பதிந்த ஒன்று செப்டெம்பருக்குள் நுழைந்துவிடும்.

‘கடைசிக் கணம் எது’ என்று தேடுவதே வீண்வேலை. அடுத்த மாதத்தின் முதற்கணம் எது என்பது ஐயமில்லாமல் தெரியும். ஆகவே கேள்வியை இப்படி மாற்ற வேண்டும்:

நிறுவை_நேரம் >= ‘2024-09-01’
நிறுவை_நேரம் < ‘2024-10-01’

தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே. இதை அரைத்திறந்த இடைவெளி என்பார்கள். மாதத்துக்கு 28 நாளா, 31 நாளா என்று கவலைப்பட வேண்டாம். நேரம் எத்தனை நுணுக்கமாகப் பதிந்தாலும் கவலையில்லை. செப்டெம்பர் முடியும் இடத்தில்தான் ஒக்டோபர் தொடங்குகிறது, நடுவே விரிசலும் இல்லை, ஒன்றின் மேல் ஒன்று படிவதும் இல்லை. எண்களை எல்லையிடும்போது இந்த வழிதான் சிறந்தது என்று டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் ஒரு சிறு குறிப்பு எழுதினார். 2011இல் எஸ்கியூஎல் தரநிலை காலப்பகுதிகளுக்கு இடம் கொடுத்தபோதும் இதே வடிவத்தைத்தான் ஏற்றது.

இதில் இன்னொரு பயனும் உண்டு. ‘நிறுவை நேரத்திலிருந்து மாதத்தைப் பிரித்தெடு, அது 9ஆக இருந்தால் எடு’ என்றும் எழுதலாம், விடையும் சரியாக வரும். ஆனால் திகதி வரிசையில் அலுமாரியில் அடுக்கிய செக்ரோல்களை எண்ணிப் பாருங்கள். செப்டெம்பர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொன்னால் கிளாக்கர் நேராக அந்த இடத்தில் கை வைப்பார். ‘ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, மாதத்தைப் பார்த்து, ஒன்பதா என்று சொல்லுங்கள்’ என்றால் அலுமாரி முழுவதையும் இறக்க வேண்டும். தரவுத்தளச் சுட்டியும் அப்படித்தான். நிரலைச் சும்மா விட்டு எல்லைகளை மட்டும் சொன்னால் அது பயன்படும். நிரலையே ஒரு செயற்கூறுக்குள் போட்டுப் பிசைந்தால் பெரும்பாலும் பயன்படாது.

மலையிலிருந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் போவோம். அங்கே நாள் என்பது நள்ளிரவில் மாறுவதே இல்லை.

திங்கட்கிழமை பறித்த கொழுந்து அன்று மாலை மேல்தட்டு வாட்டும் தொட்டிகளில் பரப்பப்படும். 12 மணித்தியாலத்துக்கும் மேலாக வாடும். பின்னிரவில் அரைத்தல், புளிக்கவைத்தல், பிறகு அடுப்பு. செவ்வாய்க்கிழமை காலையில் அது தேயிலை. நூறு கிலோ பச்சைக் கொழுந்துக்கு 21 அல்லது 22 கிலோ தேயிலை வருவது வழக்கம். இந்த விகிதம்தான் டீமேக்கரின் நாடி. கூடினாலும் குறைந்தாலும் துரை கேள்வி கேட்பார்.

இப்போது ‘அந்தந்தத் திகதியின் தேயிலையை அந்தந்தத் திகதியின் கொழுந்தால் வகு’ என்று ஒரு வினவல் எழுதினால், திங்கட்கிழமைத் தேயிலை ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்திலிருந்து வந்தது என்பது மறந்துபோகும். விகிதம் ஒரு நாள் 40க்கு ஏறும், மறுநாள் 10க்கு இறங்கும். போதாக்குறைக்கு, பல தரவுத்தளங்கள் நேரத்தைக் கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கும். அந்த நேரத்தில் நாள் மாறுவது நமக்குக் காலை 5.30க்கு. வினவலை எழுதியவர் உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் நாட்களைப் பிரித்தாலும் மலைக் கணக்கில் ஒன்றும் தெரியாது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் வருவதும், மூன்று நிறுவைகளும் 5.30க்குப் பின்னர்தான். பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். ஸ்டோர்க் கணக்கில் மட்டும், இரவு இரண்டு மணிக்கு அரைக்கத் தொடங்கிய ஒரே தொகுதி 5.30க்கு இரண்டாக வெட்டப்படும்.

இதற்குக் கெட்டிக்கார வினவல் எதுவும் வேண்டாம். ‘கொழுந்துத் திகதி’ என்று ஒரு தனி நிரல் வைத்து, கொழுந்து தொட்டியில் விழும்போதே அதை எழுதிவிட வேண்டும். பிறகு அந்தத் தொகுதி எந்த மணிக்கு எங்கே போனாலும் அந்தத் திகதி கூடவே போகும். எந்த நாளுக்குரியது என்பது மனிதர் எடுத்த முடிவு. கடிகாரத்திலிருந்து அதை ஊகிக்கச் சொல்வது சரியில்லை.

அந்தக் கடிகாரத்தையே நம்பலாமா என்றால், அதிலும் ஒரு கதை இருக்கிறது. அது இந்த மலைகளிலேயே தொடங்கிய கதை.

மஸ்கெலியாவிலிருந்து வரும் நீர் மவுசாக்கலை நீர்த்தேக்கத்திலும், நோர்வூட் பக்கத்து நீர் காசல்ரீயிலும் தேங்கி, லக்ஷபான வரிசை மின்நிலையங்களுக்கு இறங்குகிறது. மவுசாக்கலை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்கடியில் போனது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது அந்த ஊரின் கோயில் இன்றும் வெளியே தெரியும், சனம் பார்க்கப் போகும். 1996இல் மழை பொய்த்தது. அன்று நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீரிலிருந்தே வந்ததால் தேக்கங்கள் இறங்க இறங்க மின்வெட்டு நீண்டது. மாலை வெளிச்சத்தை மிச்சப்படுத்த அரசு கடிகாரத்தையே நகர்த்தியது. அதுவரை உலகப் பொது நேரத்துக்கு 5.30 மணித்தியாலம் முன்னே இருந்த இலங்கை, 1996 மே 25 நள்ளிரவில் ஒரு மணித்தியாலம் முன்னே தாவி 6.30 ஆனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னே வந்து 6.00. சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு 2006 ஏப்ரல் 15இல் மறுபடியும் அரை மணித்தியாலம் பின்னே வந்து, பழைய 5.30க்கே திரும்பியது. இந்தப் பத்தாண்டு முழுவதும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன. தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறியவர்களும் ஹட்டனில் இருந்த அவர்களின் சொந்தங்களும் ஒரே தீவில் இரண்டு கடிகாரங்களைப் பார்த்தார்கள்.

இதற்கு முன்னரும் நேரம் நகர்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் 1942 ஜனவரியில் அரை மணித்தியாலம், செப்டெம்பரில் இன்னோர் அரை. 1945 ஒக்டோபர் 16இல் எல்லாம் பழையபடி. 1906க்கு முன்னர் நிலைமை இன்னும் விநோதம்: ரயில் 1884இல் ஹட்டனுக்கு வந்தபோது நாட்டின் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 19 நிமிடம் 32 விநாடி முன்னே இருந்தது. இவை அனைத்தையும் உலகக் கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தொகுப்பு ‘ஆசியா/கொழும்பு’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வரிவரியாக வைத்திருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிய தொகுப்பு அது. தன்னார்வலர்கள் பல ஆண்டு பொறுமையாகச் சேர்த்த அந்தக் கோப்பை நான் மிகுந்த மதிப்போடு பார்க்கிறேன்.

இதனால் விளைவது என்ன? 1996 மே 25ஆம் திகதிக்கு 23 மணித்தியாலம்தான். நள்ளிரவு 12.00 முதல் 12.59 வரை அன்று இலங்கையில் இல்லவே இல்லை. 2006 ஏப்ரல் 15க்கு 24.30 மணித்தியாலம், நள்ளிரவு கழிந்த முதல் அரை மணி இரண்டு தடவை வந்தது. ‘ஒரு நாள் கூட்டு’ என்பதும் ‘24 மணித்தியாலம் கூட்டு’ என்பதும் ஒன்றல்ல என்று நூல்களில் படிப்பதற்கு இலங்கையிலேயே இப்படி எடுத்துக்காட்டு இருக்கிறது.

உண்மையான இடர் பிறந்த திகதியில் வருகிறது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் 2000 மார்ச் 10ஆம் திகதி பிறந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் எழுதியவர், பிறந்த திகதிக்கும் நேரத்தோடு கூடிய நிரலையே வைத்துவிட்டார். திகதி ‘மார்ச் 10 நள்ளிரவு’ ஆகிறது. அன்றைய 6.00 மணி வித்தியாசத்தைக் கழித்து, உலகப் பொது நேரத்தில் ‘மார்ச் 9, 18:00’ என்று சேமிக்கப்படுகிறது. பிறகு வேறொருவர் சேவையகத்தை மாற்றும்போது, ‘இரண்டும் ஒரே நேரம்தானே’ என்று நேர மண்டலத்தை ‘ஆசியா/கொல்கத்தா’ என்று வைக்கிறார். இந்தியா 1945க்குப் பின் 5.30ஐ விட்டு அசையவில்லை. 18:00ஓடு 5.30ஐக் கூட்டினால் மார்ச் 9, இரவு 11.30. திகதியை மட்டும் அச்சடித்தால்: மார்ச் 9.

அரை மணித்தியாலம் தொலைந்ததால் ஒரு முழு நாள் போய்விட்டது. 1996 மே இறுதி முதல் 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இது நடக்கும். 2007இல் பிறந்தவர்களுக்கு நடக்காது. ஆகவே சோதித்துப் பார்த்தவர் தன் பிறந்த திகதியைப் போட்டுச் சரி என்று சொல்லியிருக்கலாம். பிறந்த திகதி என்பது ஒரு கணம் அல்ல, அது செக்ரோலின் கட்டம் போன்றது. ‘டேட்’ என்ற வெறும் திகதி வகையில்தான் அது இருக்க வேண்டும், அதை எந்த நேர மண்டலமும் தொடக் கூடாது. மைஎஸ்கியூஎல்லின் ‘டைம்ஸ்டாம்ப்’ வகையில் வைத்தால் இன்னொரு சுவரும் உண்டு: அது 1970 ஜனவரி 1க்கு முந்திய எதையும் ஏற்காது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு தொழிலாளியின் பிறப்பையே அது மறுக்கும்.

நிறுவை நேரம் இதற்கு மாறு. அது உண்மையான கணம், உலகப் பொது நேரத்தில் வைத்து, பார்க்கும்போது ‘ஆசியா/கொழும்பு’க்கு மாற்றுவதே நல்லது. நாளை காலைப் பெரட்டு 6 மணிக்கு என்பது மூன்றாவது வகை. அதை உள்ளூர் நேரமாகவே எழுதி மண்டலத்தின் பெயரைப் பக்கத்தில் வைக்க வேண்டும். இடையில் அரசு கடிகாரத்தை மாற்றினாலும் பெரட்டு 6 மணிக்குத்தான்.

திகதி பிசகும் இன்னோர் இடம் நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று எண் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். 2016இல் வந்த 12 இலக்க அட்டையிலும் நாளுக்குரிய மூன்று எண்கள் அப்படியே. இதிலிருந்து பிறந்த திகதியைக் கணக்கிடும் மென்பொருட்கள் நிறைய. பலர் ‘ஜனவரி 1ஐ முதல் நாளாக வைத்து அத்தனையாவது நாளை எண்ணு’ என்று எழுதுகிறார்கள். ஆனால் அட்டையின் கணக்கில் ஒவ்வோர் ஆண்டுக்கும் 366 நாள். பெப்ரவரி 29 வராத ஆண்டிலும் 60 என்ற இலக்கம் அதற்காக ஒதுங்கி நிற்கும், மார்ச் 1 எப்போதும் 61. 1981 மார்ச் 1இல் பிறந்த ஒரு பெண்ணின் இலக்கம் 81561 என்று தொடங்கும். 1981 நெட்டாண்டு அல்ல. கண்ணை மூடி எண்ணினால் மார்ச் 2 வரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு திகதி, சேமலாப நிதிக் கோப்பில் இன்னொன்று என்றானபின், அதைத் திருத்த அவர் தோட்டத்துக்கும் நகரத்துக்கும் எத்தனை நாள் அலைவார், அத்தனை நாளும் எத்தனை பேர் இழப்பார் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. நெட்டாண்டா என்று பார்த்து, இல்லையென்றால் 60ஐத் தாண்டிய இலக்கத்தில் ஒன்றைக் கழிக்க வேண்டும். ஒரே வரி.

திகதி வினவல் ஒன்று பிழைத்தால் என்ன ஆகும் என்பதை மலையக மக்கள் கணினிக்கு முன்பே அறிந்தவர்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், விண்ணப்பித்துப் பதிவுசெய்ய ஒரு வழி வைத்தது. அதன் உள்ளே இருந்தது முழுக்க முழுக்க திகதிதான். 1946 ஜனவரி 1க்கு முன் இடையறாமல் வசித்திருக்க வேண்டும்: மணமானவர் ஏழு ஆண்டு, மணமாகாதவர் பத்து ஆண்டு. 1951 ஓகஸ்ட் 5க்குள் விண்ணப்பம் கொடுத்திருக்க வேண்டும். இந்தியாவிலுள்ள ஊருக்குப் போய்வந்தால் வசிப்பு அறுந்ததா? ஒரு தடவை போன பயணம் 12 மாதத்தைத் தாண்டாவிட்டால் அறாது என்றது சட்டம்.

இதை இன்று வினவலாக எழுதினால், தரவுத்தளக்காரர்கள் ‘தீவுகளும் இடைவெளிகளும்’ என்று சொல்லும் புதிர் ஆகும். ஒவ்வோர் ஆளுக்கும் போன திகதி, வந்த திகதி என்று பல வரிசைகள். திகதி வரிசையில் அடுக்கி, ஒரு பயணத்தின் முடிவுக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் இடையில் வசித்த காலத்தைத் தொடுக்க வேண்டும். இடைவெளி சிறிதென்றால் இரு துண்டுகளும் ஒரே தீவு. பெரிதென்றால் தீவு அங்கே உடையும். உடையாத கடைசித் தீவு 1939 ஜனவரி 1இலோ அதற்கு முன்போ தொடங்கியிருந்தால் மணமானவருக்குத் தகுதி உண்டு.

எல்லாம் அந்தப் ‘பெரிது’ என்ற சொல்லில் தங்கியிருக்கிறது. எளிய வழி, வந்த திகதியிலிருந்து போன திகதியைக் கழித்து, 365ஐத் தாண்டினால் அறுந்தது என்பது. கணக்குக்காக ஒருவர் 1939 மார்ச் 1இல் கப்பலேறி, 1940 மார்ச் 1இல் திரும்பி வந்தார் என்று வைத்துக்கொள்வோம். நாட்காட்டியில் சரியாக 12 மாதம், சட்டத்தைத் தாண்டவில்லை. ஆனால் 1940 நெட்டாண்டு, நடுவே ஒரு பெப்ரவரி 29 இருக்கிறது. கழித்தால் 366. மாதத்தை நாளாக மாற்றி எழுதிய வினவல் அவரை வெளியே தள்ளிவிடும். போன திகதியோடு 12 மாதத்தைக் கூட்டி, வந்த திகதி அதைத் தாண்டுகிறதா என்று கேட்டால், 1940 மார்ச் 1 தாண்டவில்லை. அவர் உள்ளே.